ஒலுவில்: ஒரு கிராமம் பல்கலைக்கழக ஊராகும் வழி

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரே வரிசையாக அமைந்தவை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று வடக்கிலிருந்து தெற்கே போகும் பிரதான வீதியில் ஓர் ஊர் முடியுமிடமும் அடுத்தது தொடங்குமிடமும் பல இடங்களில் வெளியூர்க்காரருக்குத் தெரிவதில்லை. கிழக்கே சிறிது தூரத்தில் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய வரை வயல். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் பேசுவது தமிழ்.

இந்த வரிசையில் ஒலுவில் பெரிய ஊர் அல்ல. கல்முனையைப் போல் கடைத்தெருவோ, மருதமுனையைப் போல் நெசவுப் பெயரோ அதற்கு இருந்ததில்லை. வேளாண்மையும் மீன்பிடியும் பன் பாய் இழைப்பும் தெரிந்த கிராமம் அது. 1990களின் நடுப்பகுதியில் அங்கே இலங்கைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தது. இன்று நாட்டின் எந்த மூலையிலும் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர் ஒருவருக்கு ஒலுவில் என்ற பெயர் தெரியும்.

ஒரு பல்கலைக்கழகம் வந்துவிட்டால் ஊர் பல்கலைக்கழக ஊராகிவிடுமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முன்பே இந்தக் கரையில் கல்விக்கு என்ன வேர் இருந்தது? வந்த பிறகு ஊரும் வளாகமும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன? ஒன்றுக்கொன்று என்ன கடன்பட்டிருக்கின்றன?

நெல்லும் நிலமும்

ஒலுவிலின் கதையை வயலிலிருந்துதான் தொடங்க வேண்டும். கரையோர முஸ்லிம்களின் செல்வமும் செல்வாக்கும் நீண்ட காலமாக நெல்லில் இருந்தன. ‘வட்டை’க்குப் போவது என்றால் வயலுக்குப் போவது. பெருநில உடைமையாளர் போடியார். நீர்ப்பங்கீட்டையும் வேலியடைப்பையும் பார்த்துக்கொள்பவர் வட்டவிதானை. போடியாரின் நிலத்தைப் பொறுப்பேற்று விளைவிப்பவர் முல்லைக்காரர். இந்த ஏற்பாடு முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவானது. சூடடிக்கும் களவெட்டியில் இரு சமூகத்தவரும் சேர்ந்து வேலை செய்த காலம் முதியோரின் நினைவில் இன்னும் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த கல்லோயாத் திட்டம் இந்த நிலத்தின் விதியை மாற்றியது. இங்கினியாகலையில் கட்டப்பட்ட அணையும் சேனாநாயக்க சமுத்திரமும் சிறுபோகத்துக்கும் நீர் தந்தன. அதே திட்டம் உள்நாட்டில் பெருமளவு சிங்களக் குடியேற்றங்களையும் கொண்டுவந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமானது. மூன்று சமூகங்கள் ஒரே வாய்க்கால் நீரைப் பங்கிடும் மாவட்டமாக அது உருவெடுத்தது. நிலம், நீர், நிர்வாக எல்லை பற்றிய இன்றைய வழக்குகளில் பலவற்றின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

நிலம் பெருகாது, பிள்ளைகள் பெருகுவார்கள். ஒரு தலைமுறைக்குப் போதுமாக இருந்த வயல் அடுத்த தலைமுறையில் துண்டுபடும்போது, படிப்பும் அரச உத்தியோகமும் புதிய நிலமாகத் தெரிந்தன. கல்விக்கான பசி கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் எழுந்ததற்கு இந்தப் பொருளியல் காரணம் முக்கியமானது. அரசியல் அந்தப் பசிக்குப் பிற்பாடு கொடி பிடித்தது.

வளாகத்துக்கு முந்திய கல்வி

1942இல், உலகப் போரின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். நெல் உற்பத்தியைப் பெருக்க வந்தவர், இப்பகுதிப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டு கலங்கினார். அந்த நாட்களில் அவருக்கு நெருக்கமானவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவர். இந்த நட்பிலும் கல்முனை அனுபவத்திலும் விளைந்த எண்ணம், 1945இல் அஸீஸ் முன்னின்று உருவாக்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வடிவெடுத்தது. பணமில்லாத காரணத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. இந்து மதத் துறவி ஒருவரும் முஸ்லிம் அதிகாரி ஒருவரும் இந்தக் கரையில் கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை இன்றைய மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

பாடசாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. மெதடிஸ்த மிஷனரிமார் ஊன்றிய கல்முனை உவெஸ்லி, 1949இல் தொடங்கிய கல்முனை ஸாஹிரா, பெண் கல்விக்கென எழுந்த கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி ஆகியவை மாவட்டம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை ஈர்த்தன. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை கிழக்கின் கிராமப் பாடசாலைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களை அனுப்பியது. அதே ஊரில் கிழக்கிலங்கை அரபுக் கல்லூரி மௌலவிமாரை உருவாக்கியது. ஒலுவிலிலிருந்து சிறிது தூரத்தில், ஒரே கிராமத்தில், ஆசிரியப் பயிற்சியும் அரபுக் கல்வியும் வேரூன்றியிருந்தன.

இலக்கியத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வயலிலும் தோணியிலும் பிறந்த நாட்டார் கவிகள் இக்கரையின் வாய்மொழிச் செல்வம். மருதமுனைப் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் மரபுக் கவிதையைக் காத்தார். கல்முனைக்குடியின் எம். ஏ. நுஃமான் மொழியியலிலும் கவிதையிலும் தமிழுலகு அறிந்த பெயரானார். சோலைக்கிளியின் கவிதைகள் இக்கரையின் பேச்சுத் தமிழுக்குப் புதிய பாய்ச்சல் தந்தன. பல்கலைக்கழகம் வெறும் மணற்காட்டில் முளைக்கவில்லை. எழுத்தும் வாசிப்பும் ஏற்கெனவே ஊறியிருந்த மண்ணில் முளைத்தது.

நெருக்கடியில் பிறந்த பல்கலைக்கழகம்

கிழக்கின் உயர்கல்வி 1981இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இரு சமூகத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். 1990 எல்லாவற்றையும் உடைத்தது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் படுகொலை நடந்தது. செப்டெம்பரில் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவேயில்லை. இரு சமூகங்களின் துயரமும் ஒரே ஆண்டில், ஒரே நிலத்தில் நிகழ்ந்தது. முஸ்லிம் மாணவர்கள் வந்தாறுமூலைக்கு அச்சமின்றிப் போய்வர முடியாத நிலை உருவானது.

1994இல் ஆட்சி மாறியபோது, சிறீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் துறைமுக, கப்பற்றுறை, புனர்வாழ்வு அமைச்சரானார். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி, கவிஞரும்கூட. அவருடைய முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. 1996 மே மாதத்தில் அது முழுமையான தேசியப் பல்கலைக்கழகமானது. முதல் உபவேந்தர் எம். எல். ஏ. காதர். 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரப் இறந்தபோது பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அவர் இல்லாமல் அது நின்றது என்பதே அதன் முதல் தேர்ச்சி.

கலை, முகாமைத்துவப் பீடங்களுடன் தொடங்கியது பின்னர் விரிந்தது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடம் வந்தது. 2012இல் பொறியியற் பீடமும் அதன் பின் தொழில்நுட்பப் பீடமும் சேர்ந்தன. குவைத் நிதியத்தின் கடனுதவியுடன் வளாகத்தின் கட்டடங்கள் எழுந்தன.

2003 ஜனவரி 29இல் ‘ஒலுவில் பிரகடனம்’ இந்த மண்ணில்தான் வெளியிடப்பட்டது. அரசும் விடுதலைப் புலிகளும் பேசிக்கொண்டிருந்த அந்நாட்களில், முஸ்லிம்களும் ஒரு தனித் தரப்பு என்பதை அது உரத்துச் சொன்னது. அதன் கோரிக்கைகளை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு. எனினும் ஒரு கிராமத்தின் பெயர் ஒரு சமூகத்தின் அரசியல் குரலுக்குப் பெயரானது பல்கலைக்கழகம் அங்கே இருந்ததனால்தான்.

வீடும் வளாகமும்

ஊரின் அன்றாட வாழ்வில் பல்கலைக்கழகம் நுழைந்தது வாடகை அறைகளின் வழியாக. விடுதிகள் போதாதபோது மாணவர்கள் ஊருக்குள் அறை எடுத்தார்கள். இங்கே கிழக்கிலங்கையின் குடும்ப அமைப்பைக் கவனிக்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கல்யாணமாகும்போது பெற்றோர் வீட்டைச் சீதனமாகக் கொடுப்பர். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். தாய்வழிக் குடிகளும், குடிகளின் பெயரால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்ந்த மரைக்காயர்மாரும் இந்த ஊர்களின் பழைய கட்டுக்கோப்பு.

ஆகவே மாணவருக்கு அறை கொடுக்கும் முடிவு பெரும்பாலும் வீட்டுக்காரப் பெண்ணின் கையில் இருக்கிறது. வாடகையும் சாப்பாட்டுக் காசும் அவருடைய வருமானம். மகளுக்கு வீடு கட்ட வேண்டிய குடும்பத்துக்கு ‘கெம்பஸ் புள்ளைகள்’ தரும் மாத வருமானம் சிறிதல்ல. வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டுக்கார அம்மாவை ‘உம்மா’ என்றும் மூத்த மகளை ‘ராத்தா’ என்றும் கூப்பிடப் பழகுகிறார்கள். பொருளாதார உறவொன்று உறவுமுறைப் பெயரைப் பெறுவது இப்படித்தான்.

பெண்களின் கல்வியில் நேர்ந்த மாற்றமே மிகப் பெரியது. மகளைப் பேராதனைக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பத் தயங்கிய வாப்பாமார், பஸ்ஸில் போய் மாலையில் திரும்பக்கூடிய பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தயங்கவில்லை. பாலமுனையிலிருந்தும் இறக்காமத்திலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்கள் வந்தார்கள். ஆசிரியைகளாகவும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களாகவும் அவர்கள் ஊரில் தங்கியிருப்பது கண்கூடு. தூரம் குறைந்தபோது கதவு திறந்தது. ஒரு பல்கலைக்கழகத்தை எங்கே வைக்கிறோம் என்பது யாரைப் படிக்க வைக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது.

பல்கலைக்கழகத்தின் ஆண்டு ஊரின் ஆண்டோடு கலந்துவிட்டது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு மாணவர்களும் வரிசையில் நிற்பார்கள். ஜும்ஆ நேரத்தில் வளாகமும் கடைத்தெருவும் சேர்ந்து அமைதியாகும். விடுமுறையில் அறைகள் காலியாகும்போது போட்டோ கொப்பிக் கடையும் சாப்பாட்டுக் கடையும் ஈயடிக்கும். பட்டமளிப்பு விழா நாட்களில் நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வரும் பெற்றோரை இவ்வூர்கள் விருந்தாளிகளாக ஏற்கின்றன.

மூன்று சமூகங்களின் வளாகம்

ஒரு சமூகத்தின் தேவையிலிருந்து பிறந்தாலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லோருக்கும் உரிய தேசிய நிறுவனம். இலங்கையில் மாணவர் அனுமதி நாடளாவிய முறையில் நடப்பதால், பொறியியலுக்கும் முகாமைத்துவத்துக்கும் சிங்கள மாணவர்கள் பெருமளவில் வருகிறார்கள். மாத்தறையிலோ குருநாகலிலோ பிறந்த பிள்ளை நான்கு ஆண்டுகள் தமிழ் பேசும் முஸ்லிம் கிராமத்தில் வாழ்கிறது. இப்படிப்பட்ட வாய்ப்பு இலங்கையில் அரிது.

அந்த வாய்ப்புக்குச் சோதனையும் வந்தது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நாட்டை உலுக்கின. சில நாட்களில் சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சூடும் குண்டுவெடிப்பும் நடந்தன. முஸ்லிம் ஊர்கள் எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழுந்தது. சிங்களப் பெற்றோர் பிள்ளைகளை இங்கே அனுப்ப அஞ்சினார்கள். ஊரவர்கள் அவமானத்தையும் கோபத்தையும் தாங்கினார்கள். சிங்கள மாணவர்கள் திரும்பி வந்து படிப்பை முடித்ததை நான் பெரிய வெற்றியாகக் கருதுகிறேன். அந்த நம்பிக்கையை மீட்டதில் வகுப்பறைகளுக்குக் குறையாத பங்கு அறை கொடுத்த வீடுகளுக்கும் சோறு போட்ட கடைகளுக்கும் உண்டு.

இருந்தும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வது வேறு, சேர்ந்து வாழ்வது வேறு. விரிவுரை பல பீடங்களில் ஆங்கிலத்தில் நடக்க, மாணவர் குழுக்கள் மொழியால் பிரிந்தே இருக்கின்றன. சிங்கள மாணவருக்குத் தமிழும் தமிழ் பேசும் மாணவருக்குச் சிங்களமும் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான வளாகம் நாட்டில் வேறு எது? அண்டை வீட்டாரே அங்கே ஆசிரியர்கள். காரைதீவு, திருக்கோவில் போன்ற தமிழ் ஊர்களின் பிள்ளைகளுக்கும் இது தங்கள் பல்கலைக்கழகம் என்ற உணர்வு முழுமையாக வர வேண்டும். அஸீஸும் விபுலாநந்தரும் விட்டுச்சென்ற உரையாடல் அங்கேதான் தொடர முடியும்.

கடல் கேட்கும் கேள்வி, வயல் கேட்கும் கேள்வி

அஷ்ரப் ஒலுவிலுக்காகக் கண்ட கனவு இரண்டு. ஒன்று பல்கலைக்கழகம், மற்றது துறைமுகம். டென்மார்க் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கிழக்குக் கரையில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். அலைதடுப்புச் சுவர் அந்த நகர்வை மறித்தது. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. வடபுறத்தில் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தின்றது. தென்னைகள் சாய்ந்தன, தோணி இழுக்க இடமின்றிக் கரைவலை மீனவர் தொழில் இழந்தனர். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் ஆழிப்பேரலை அதிக உயிர்களைக் கொண்டுபோனது இம்மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தக் காயத்தோடு வாழும் கரைக்கு இந்த அரிப்பு இரண்டாவது அடி.

ஒரே ஊரில், ஒரே மனிதரின் கனவில் பிறந்த இரண்டில் ஒன்று தழைத்தது, மற்றது தடுமாறுகிறது. பல்கலைக்கழகம் ஊரவர் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்ததற்கு இடம் கொடுத்தது. துறைமுகம் மணலின் இயல்பை மறித்து நின்றது. இப்பகுதியில் இனி வரும் எந்தத் திட்டத்துக்கும் இது பாடம்.

மேற்கே வயலும் கேள்வி கேட்கிறது. மாரி வெள்ளம் ஒவ்வோராண்டும் உள்நாட்டிலிருந்து கடலுக்கு வழி தேடுகிறது. 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியை மூடிய வெள்ளத்தில் உழவு இயந்திரம் ஒன்று புரண்டு, நிந்தவூரில் ஓதிவிட்டுச் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மத்ரஸாச் சிறுவர்கள் உயிரிழந்தார்கள். அதே வயல்வெளியின் ஒரு பக்கத்தில் பொறியியற் பீடம் இருக்கிறது. மறுபக்கத்தில் விஞ்ஞான பீடம் இருக்கிறது. அந்தப் பாதையின் வெள்ள மட்டம், வடிகால், பாலங்களின் அகலம் ஆகியவை இப்பீடங்களின் மாணவர் ஆய்வுகளில் முதல் தலைப்புகளாக வேண்டாமா?

பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் கரையரிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தொழில்நுட்பப் பீடத்தில் உயிர்முறைமைத் தொழில்நுட்பத் துறை வயலோடு தொடர்புடையது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் ஆங்கில ஆய்வேட்டில் அச்சான முடிவு, கரைவலை மீனவருக்கும் வட்டவிதானைக்கும் அவர்கள் தமிழில் போய்ச் சேர ஒரு வழி வேண்டும்.

வேறு சமவெளிகளின் அனுபவம்

இந்தக் கடமையை மற்ற நாடுகள் எப்படிச் செய்தன என்பதைப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் நடுமேற்குப் புல்வெளிகளில் 1862ஆம் ஆண்டின் மொரில் சட்டம் அரச நிலத்தைக் கொடுத்துக் கல்லூரிகளை உருவாக்கியது. கன்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன், அயோவாவின் ஏம்ஸ் போன்ற சிற்றூர்கள் அப்படித்தான் கல்லூரி ஊர்களாயின. விவசாயமும் பொறியியலும் கற்பிப்பது அவற்றின் சட்டக் கடமை. 1903இல் அயோவாவின் வடமேற்கு மூலையில் விவசாயிகள் கேட்டுக்கொண்டதால், கல்லூரிப் பேராசிரியர்கள் அவர்கள் பகுதியிலேயே சோள விதைகளைப் பயிரிட்டுச் சோதித்துக் காட்டினார்கள். 1914இல் அந்தப் பழக்கம் தேசியச் சட்டமாகி, மாவட்டந்தோறும் கல்லூரியின் விரிவாக்க அலுவலர் அமர்ந்தார். அந்த நிலங்கள் பல பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டவை என்ற உண்மையும் அந்த வரலாற்றின் பகுதி. நில வழக்குகளின் நடுவே வாழும் அம்பாறை அதைக் கவனிக்கத் தவறக் கூடாது.

தமிழகத்தில் 1929இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகமும் சிதம்பரத்தின் வயல்களை ஒட்டி எழுந்தது. அங்கே வேளாண்மைக் கல்வியும் இடம்பிடித்தது. தமிழிசையும் தமிழாய்வும் அங்கே புதுவாழ்வு பெற்றன.

இவ்வூர்களிடமிருந்து ஒலுவில் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: பல்கலைக்கழகம் தன் பாடங்களில் சிலவற்றைச் சுற்றியுள்ள மண்ணிடமிருந்து பெற வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை

என் முடிவு தெளிவானது. ஒலுவில் பல்கலைக்கழகத்தைத் தன் மடியில் ஏந்திக்கொண்டது. அறை கொடுத்தது, சோறு போட்டது, கடினமான ஆண்டுகளில் விருந்தாளிகளைக் காத்தது. ஊரின் பங்கு பெருமளவு நிறைவேறிவிட்டது. பல்கலைக்கழகத்தின் பங்கு இன்னும் பாதியில் நிற்கிறது.

மூன்று வேலைகளை இப்போதே தொடங்கலாம். கரையோரத்தையும் வெள்ளப் பாதைகளையும் ஆண்டுதோறும் அளந்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச சபைகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் கமநல சேவை நிலையங்களுக்கும் நேரில் விளக்கும் நிலையான ஓர் அமைப்பு வேண்டும். நாட்டார் கவி, குடி வழக்கு, பாய் இழைப்பு, களவெட்டிப் பேச்சு ஆகியவற்றை முதியோர் உயிரோடிருக்கும்போதே ஒலியாகவும் எழுத்தாகவும் சேர்க்கும் காப்பகம் நூலகத்தில் அமைய வேண்டும். இதில் முஸ்லிம், தமிழ் ஊர்கள் இரண்டும் சம இடம் பெற வேண்டும். மாணவர் எவரும் அண்டை மொழியை அடிப்படை அளவில் பேசாமல் பட்டம் பெறக் கூடாது.

இவற்றுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. விரிவுரையாளர், மாணவர், ஊரவர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். அந்த மேசையில் என்ன ஆராய வேண்டும் என்று முதலில் சொல்லும் உரிமை மீனவருக்கும் விவசாயிக்கும் அறை கொடுத்த தாய்க்கும் கிடைக்கும்போது, ஒலுவில் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஊர் என்ற நிலையைக் கடந்து, பல்கலைக்கழக ஊர் என்ற பெயருக்கு உரியதாகும்.